பூட்டிய வீடும் கணக்கில் சேரும்

எங்கள் அண்ணிக்குத் தெருவில் 'ஏழாம் வீடு' என்று பெயர். எங்கள் வீடு வரிசையில் ஏழாவது இல்லை. வேலையால் வந்த பெயர் அது. அண்ணி ஒரு சர்வே கம்பெனியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறார். வீடு வீடாக என்றால் எல்லா வீட்டுக்கும் போக மாட்டார். தெருமுனையில் நின்று, வலது கைப் பக்கமாக எண்ணிக்கொண்டே போய், ஏழாவது வீட்டு மணியை அடிப்பார். பிறகு அங்கிருந்து இன்னோர் ஏழு. நடுவில் இருக்கிறவர்கள் கதவைத் திறந்து வைத்து, பதிலையும் வாயில் தயாராக வைத்துக்கொண்டு நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு தடவை ஆறாம் வீட்டு அம்மா, தன்னை மட்டும் ஏன் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று சண்டைக்கே வந்துவிட்டார். உங்களுக்கும் சேர்த்துத்தான் பக்கத்து வீட்டில் கேட்கிறேன் என்று அண்ணி மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அன்றிலிருந்து அண்ணியோடும் பேசுவதில்லை, பக்கத்து வீட்டோடும் பேசுவதில்லை.

நான் அண்ணனின் தங்கை. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, திரைச்சீலையும் நாற்காலி உறையும் தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்குள் வருகிற சண்டையும் வெளியே போகிற சமாதானமும் என் மெஷினைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அண்ணனோடு சின்ன வயதில் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறேன். அண்ணியோடு சண்டை போட்டு ஜெயித்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

அண்ணியின் வேலை அலுவலகத்தோடு முடிகிற வேலை இல்லை, அதுதான் எங்கள் கஷ்டம். காய்கறிக் கடையில் குவியலின் அடியில் கையை விட்டுத்தான் தக்காளி எடுப்பார். மேலே அடுக்கியிருப்பது கடைக்காரர் நமக்குக் காட்ட விரும்புவது, உள்ளே இருப்பதுதான் சரக்கு என்பது அவர் கட்சி. அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கடைக்காரர் குவியலைக் குனிந்து கட்டிக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் தன் பிள்ளை தங்கமான பிள்ளை என்றால், நீங்கள் எந்தக் கிழமைகளில் பார்த்தீர்கள் என்று கேட்பார். எனக்கு ஒரு வரன் வந்தபோது தரகர் கொடுத்த போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர்கள் எடுத்த நூறு போட்டோவில் அவர்களே பொறுக்கிக் கொடுத்த ஒன்றை வைத்து நான் என்ன முடிவுக்கு வருவது என்று தரகரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தரகர் அப்புறம் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதில் எனக்கும் வருத்தம் இல்லை, அந்த மாப்பிள்ளைக்கு மீசை சரியில்லை.

பாத்திரம் கழுவுவது யார் என்பதற்கு எங்கள் வீட்டில் குலுக்கல். சீட்டில் மூன்று பேர் பெயரும் உண்டு. ஆனால் வருவது என் பெயர்தான். இது அநியாயம் என்று நான் குதித்தபோது, சில நாளை வைத்து முடிவு கட்டாதே, நீண்ட நாள் போட்டால் மூவருக்கும் சமமாக வந்துவிடும் என்றார் அண்ணி. வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்யாணத்தையும் அவர் இப்படித்தான் முடிவு செய்தார். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். பேச்சு எடுத்ததும் பெண் வீட்டார் எல்லோருக்கும் சம்மதம், பெண்ணுக்கு மட்டும் அவகாசம் வேண்டியிருந்தது. அந்த அவகாசத்தில் அவர் யாருக்கும் சொல்லாமல் அண்ணனின் பஸ்ஸில் ஏறிப் போய் வந்திருக்கிறார். மழை பெய்கிற நாளில் ஒரு தடவை, கூட்டம் பிதுங்குகிற திங்கட்கிழமை ஒரு தடவை, பஸ் நடுவழியில் மக்கர் பண்ணிய அன்று ஒரு தடவை. நல்ல நாளில் எல்லோரும் நல்லவர்கள்தான் என்று பின்னால் எங்களுக்கு விளக்கம் சொன்னார். அண்ணன் எந்த நாளிலும் யாரையும் திட்டவில்லையாம். அதனால் சம்மதித்தாராம். அண்ணன் இதை இன்றும் ஏதோ பரிசு வாங்கியது போலச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவன் தினமும் முதலில் ஓட்டுவது எங்கள் குடியிருப்பிலிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிற முதல் பஸ். டிக்கெட்டும் அவனே கொடுக்கிற சின்ன பஸ். ரயில்வே கேட்டைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி, மார்க்கெட், ஆலைகள் என்று ஊரின் அந்தக் கோடிக்குப் போகும். அந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து வந்தது. பாதி சீட் காலியாகப் போகிறது, இதை எதற்கு ஓட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். எடுத்துவிடலாமா வேண்டாமா என்று குடியிருப்பில் சர்வே எடுத்துச் சொல்லும்படி ஒரு கம்பெனியிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அது அண்ணியின் கம்பெனி.

பஸ்ஸை எடுத்துவிட்டால் அண்ணனை வெளியூர் டிப்போவுக்கு மாற்றிவிடுவார்கள். திங்கட்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை திரும்புகிற தொலைதூர வண்டி. இதை அவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். சாப்பிட்டு முடிந்ததும் குலுக்கல் போடாமல் அண்ணியே எல்லாப் பாத்திரத்தையும் கழுவி வைத்தார். அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாளே அண்ணி தன் சூப்பர்வைசரிடம் போய், அந்த பஸ் டிரைவர் என் வீட்டுக்காரர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரிடம் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். நீங்களே போங்கம்மா, நீங்கள் போன வீடுகளில் சிலவற்றுக்கு இன்னொருவரை அனுப்பி அதே கேள்வியைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன் என்றார். வார முடிவுக்குள் அறிக்கை போயாக வேண்டும், பூட்டியிருக்கிற வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டாலும் பரவாயில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

இதற்கு நடுவில் அண்ணன் சொந்தமாக ஒரு சர்வே நடத்தி முடித்திருந்தான். முதல் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும், இந்த பஸ் வேண்டுமா வேண்டாமா என்று டிக்கெட் கிழிக்கும்போதே கேட்டிருக்கிறான். ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்கு வந்தான். நூற்றுக்கு நூறு, நீ வெயிலில் அலைய வேண்டியதே இல்லை, இதையே எழுதிக் கொடுத்துவிடு என்றான்.

அண்ணி சிரித்த சிரிப்பில் எனக்கு ஊசி நூல் நழுவிவிட்டது.

"பஸ்ல உக்காந்திருக்கிறவங்ககிட்ட பஸ் வேணுமானு கேட்டா வேற என்ன சொல்லுவாங்க? வேண்டாம்னா நடுவழியில இறக்கி விட்டுடுவீங்கனு பயந்திருப்பாங்க."

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். ஆனால் அண்ணியின் சிரிப்பும் இரண்டு நாள்தான் நின்றது. பத்து மணிக்குக் கிளம்பிப் போய் மாலையில் வருவார். வரும்போது முகத்தில் ஈயாடாது. திறந்திருந்த வீடுகளில் ஓய்வு பெற்றவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வீட்டிலேயே கடை வைத்திருப்பவர்கள். முதல் பஸ்ஸா, நாங்கள் எழுந்திருப்பதே ஏழு மணிக்கு என்று சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீடு பூட்டியிருந்தது. அவற்றை விட்டுவிட்டுப் பார்த்தால், குடியிருப்பில் கிட்டத்தட்ட யாருக்கும் அந்த பஸ் வேண்டியதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணத் தொடங்குகிற முனையை மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணி, அண்ணன் பஸ்ஸில் போகிற தெரிந்தவர்கள் வீடாகப் பார்த்து ஏழாவதாக வருகிற மாதிரி செய்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அறிவுள்ள யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த வீட்டுல நமக்கு வேண்டிய பதில் இருக்குனு தெரிஞ்சுக்கிட்டு அந்த வீட்டு மணியை அடிச்சா அது சர்வே இல்லை. விருந்துக்குப் போறது."

சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் நான் தைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னையே திட்டிக்கொள்கிற குரலில் சொன்னார்.

"உங்க அண்ணன் பஸ்ஸுக்குள்ள கேட்டார்னு சிரிச்சேன். நான் என்ன பண்றேன்? பஸ் போனதுக்கப்புறம் வீட்டுல மிச்சம் இருக்கிறவங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டும் ஒரே தப்புதான்."

காலையில் எங்கேயும் போக வேண்டாதவர்கள்தானே பகலில் வீட்டில் இருப்பார்கள்? பூட்டியிருந்த வீடுதான் பதில் சொல்லியிருக்க வேண்டிய வீடு. அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனால் இன்னொரு ஏழு மணித் தூக்கக்காரர்தான் கிடைப்பார். அண்ணி இதைச் சொல்லி முடித்ததும் எழுந்து, பூட்டிய வீடுகளுக்கு அவர்கள் திரும்பி வருகிற நேரத்தில் போகப் போகிறேன், துணைக்கு நீ வா என்றார். தைக்க வேண்டிய உறைகள் மலை மாதிரி கிடந்தன. என் புலம்பலை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்படிப் போன முதல் வீடு, எங்களிடமிருந்து மூன்றாவது தெருவில், சந்துக்குள் இருந்த ஓர் அறை வீடு. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த ஓர் அம்மா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பிரிவில் வேலையாம். கையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது, ப்ளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. உள்ளே ஒரே நாற்காலி. அதில் அண்ணியை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார். அறையில் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சுவரில் மணியைச் சரியாகக் காட்டுகிற ஒரு கடிகாரம். காலை ஐந்து மணி பஸ் உங்களுக்குத் தேவையா என்று அண்ணி கேட்டார். தேவை என்றார். அதில் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். ஏன் என்று கேட்டார்.

"அது எங்கம்மா நிக்குது? நான் அஞ்சு மணிக்குச் சரியா முனைக்கு வர்றேன், அது போய்க்கிட்டிருக்கு. ஓடிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். இப்பல்லாம் நடந்தே போயிடறேன். அந்த டிரைவருக்கு என்ன அவசரமோ, யாரு கண்டா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் காலை மிதித்தார். குரல் கொஞ்சமும் மாறாமல், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டார்.

ஒரு வீட்டில் இப்படிச் சொன்னால் அது அந்த வீட்டு விஷயம் என்று விட்டுவிடலாம். அடுத்த பூட்டு வீடு ரொட்டி ஆலையில் வேலை செய்கிறவருடையது. அவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தது மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற அப்பாவும் மகனும். அவர்களும் அதையே சொன்னார்கள், நடுவில் சில கெட்ட வார்த்தைகளும் இருந்தன. அண்ணி கெட்ட வார்த்தைகளை மட்டும் எழுதவில்லை. இரண்டு மாலைகள் நடந்தோம். பூட்டிய வீடுகளில் பெரும்பாலானவற்றில் பஸ் வேண்டும் என்றார்கள், கிடைக்கவில்லை என்றார்கள். பாதி சீட் ஏன் காலியாகப் போகிறது என்று தலைமை அலுவலகம் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டிலேயே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பஸ் தேவை என்பதை மட்டும் எழுதுங்கள், காரணத்தை விட்டுவிடுங்கள் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். காரணத்தை எழுதினால் அண்ணன் வேலைக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. எழுதியாச்சு என்று மட்டும் சொன்னார் அண்ணி. அவர் நடையில் வழக்கமான விறைப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும், ஐந்து மணிக்கு முன்னாலேயே ஏன் வண்டியை எடுக்கிறீர்கள் என்று அண்ணனிடம் நேராகக் கேட்டார். மறைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, அதில் பெருமைதான். ஐந்தைத் தாண்டினால் ரயில்வே கேட்டை மூடிவிடுவார்களாம். மூடினால் கால் மணி நேரம் போச்சாம். கொஞ்சம் முன்னாடியே எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாமாம். இதைக் கண்டுபிடித்ததற்காக வண்டியில் எல்லோரும் தன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள் என்றான்.

"வண்டியில இருக்கிறவங்க," என்றார் அண்ணி.

"அவங்களைக் கேக்காம வேற யாரைக் கேக்கிறது?"

"ஏறினவங்களைத்தான் நீங்க கேட்டீங்க. விட்டவங்க எப்படிங்க உங்ககிட்ட வந்து சொல்லுவாங்க? அவங்களுக்குத்தான் பஸ்ஸே இல்லையே."

அண்ணன் முகத்தில் குழப்பம், வெட்கம் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசியில் ஆத்திரம்தான் வந்து நின்றது. கட்டின புருஷனைப் பற்றி நீயே எழுதிக் கொடுப்பாயா என்று கத்தினான். அண்ணி கத்தவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வாரம் பூரா நீங்க இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியாதுங்க. அதுக்குத்தான் அந்த நடை நடந்தேன். அதுக்காகவே மாத்தி எழுதியிருந்தா, அப்புறம் உங்க முகத்தைப் பார்க்கிறப்பல்லாம் ஓடி வந்து நின்ன அந்தம்மா முகம்தான் தெரியும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நானும்தான் கோட்டை விட்டேன். மழையில ஏறிப் பார்த்தேன், திங்கட்கிழமை ஏறிப் பார்த்தேன். விடியற்காலையில ஏறிப் பார்க்கலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு அண்ணன் அண்ணியோடு பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். உன் அண்ணியிடம் சட்டை எங்கே என்று கேள், உங்க அண்ணனிடம் கொடியில் என்று சொல். மெஷினை நிறுத்தி நிறுத்தி எனக்கு ஓர் உறைகூட ஒழுங்காக வரவில்லை.

முடிவு என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சரிபார்க்கப் போன ஆளுக்கும் அதே பதில்கள்தான் கிடைத்தன. முதல் பஸ்ஸை ரத்து செய்யவில்லை. அண்ணனையும் மாற்றவில்லை, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அண்ணி அதைப் படித்துவிட்டு, வாசகம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் இதெல்லாம் ஒரு மாதம் கழித்து வந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

பேச்சு நின்ற மூன்றாம் நாள் விடியற்காலை. அண்ணன் ஷூவை மாட்டிக்கொண்டே, யாரைப் பார்த்தும் இல்லாமல், இன்றைக்கு ஐந்து மணிக்குத்தான் எடுக்கப் போகிறேன் என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அண்ணி என்னை உலுக்கி எழுப்பினார். நீ போய் ஏறு என்றார். நீங்களே போங்களேன் என்றேன். தனக்கு வேண்டியவரைத் தானே சோதிக்கக் கூடாது, இன்னொருவர்தான் போக வேண்டும் என்றார். அவர் கண்ணில் தூக்கமே இல்லை. திட்டிக்கொண்டே துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு போய், பஸ்ஸின் கடைசி சீட்டில் சுருண்டு உட்கார்ந்தேன்.

வழக்கமாக எடுக்கிற நேரம் வந்தது. அண்ணன் எடுக்கவில்லை. முன்சீட்டுக்காரர் என்னப்பா தூங்கிட்டியா என்று தமாஷாகக் கேட்டார். அடுத்தவர் கேட் போட்டுடுவான் என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் சீட்டுக் கம்பியில் தட்ட ஆரம்பித்தார். கையெடுத்துக் கும்பிட்டவர்கள் எல்லாம் இவர்கள்தான். அண்ணன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் வந்து ஏறினார்கள். பிறகு, சரியாக ஐந்து மணிக்கு, சந்துக்குள்ளிருந்து அந்தத் துணி துவைக்கிற அம்மா வெளியே வந்தார். அவர் ஓடவில்லை, நடக்கவே கிளம்பியிருந்தார். பஸ் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இது வேறு எங்கோ போகிற வண்டியாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பலகையை ஒரு முறை படித்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார்.

படியில் கால் வைத்து, அண்ணனின் முகத்தை உற்றுப் பார்த்தார். இத்தனை நாளாக அவர் பார்த்திருந்தது பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும்தான்.

"புது டிரைவராப்பா?" என்று கேட்டார். "அந்தப் பழைய ஆளு போயிட்டாரா?"

முன்னால் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கடைசி சீட்டிலிருந்தே அவன் காது சிவப்பது எனக்குத் தெரிந்தது. அந்த நிமிஷம் அவன் மேல் எனக்கு வந்த பாசத்தை இதுவரை அவனிடம் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறிக்கொள்வான்.

"போயிட்டாரும்மா," என்றான். "நீங்க மெதுவா ஏறுங்க."

நல்லதாப் போச்சு என்று சொல்லி அவர் மேலே ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் உட்காரலாம் என்று தெரியாமல் காலி சீட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.